செல்லமுத்து பார்த்த பள்ளம்

செல்லமுத்துவுக்குக் கண் போய்விட்டது என்று முதலில் சொன்னவர் படகு முதலாளி முத்துராமன். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில், கிழிந்த இழுவலையை ஆறு பேர் கரையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த காலையில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். வலை பாறையில் மாட்டி நடுவாகப் பிளந்திருந்தது. இருபத்தாறு வருடம் விசைப்படகு ஓட்டிய டிரைவர் செல்லமுத்து, எக்கோத் திரையில் வந்த பாறையைக் கவனிக்காமல் விட்டிருந்தார்.

 அன்றைக்குச் செல்லமுத்துவுக்கு இடது தோளிலிருந்து முழங்கை வரை ஒரு வலி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மயங்கி விழுந்தார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இனி கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மனைவி பொன்னுத்தாய் மூன்று தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். செல்லமுத்து கேட்டது கண்ணைப் பற்றி. கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் எழுத்து அட்டையைக் காட்டி, குறை ஒன்றும் இல்லை என்றார். செல்லமுத்துவுக்குத் திருப்தி இல்லை. அவர் எழுத்துப் படித்துப் பிழைத்தவர் இல்லை. கோடு படித்துப் பிழைத்தவர்.

எக்கோ என்பது படகின் அடியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. சேறு, மணல், பாறை, பள்ளம் எல்லாம் அந்தக் கோட்டில் தெரியும். பாறை என்றால் வலையைத் தூக்க வேண்டும். பள்ளம் என்றால் இறால் கிடக்கலாம். மற்ற டிரைவர்கள் திரையை உற்றுப் பார்ப்பார்கள். செல்லமுத்து டீ குடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பார். அது போதுமாக இருந்தது. அந்த ஒரு காலை வரை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள் எண்ணும் விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒருமுறை எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அந்தக் கரையில் சிறையில் இருந்தார். எத்தனை நாள் என்று கேட்டால் முப்பத்தெட்டு என்பார். காகிதத்தில் முப்பத்தேழு என்றுதான் இருந்தது. மகள் இலக்கியா, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், அதைச் சுட்டிக் காட்டினாள்.

"புடிச்ச அன்னைக்கு நான் என்ன வீட்லயா இருந்தேன்?" என்றார் செல்லமுத்து. 

கடல் கைவிட்டுப் போன பிறகு அவர் பகலெல்லாம் ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்தார். அங்கே மெஷின் ஆபரேட்டர் சிவசாமி அவருக்கு மச்சான் முறை. கம்ப்ரசர் ஓடும் சத்தம் விசைப்படகு இன்ஜின் சத்தத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் என்பதும் ஒரு காரணம். படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். அந்த நாட்களில் ஐஸ் ஏற்ற வருகிறவர்கள் அவரைப் பார்த்து, எப்படி இருக்கீங்க என்று கேட்பார்கள். முத்துராமன் மட்டும் கேட்காமல் போவார்.

இலக்கியா பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நட்சத்திரம் பார்க்கிறாள் என்று பொன்னுத்தாய் சொல்வாள். ஜாதகம் கேட்டு இரண்டு பேர் வந்தும் போனார்கள். உண்மையில் அவள் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. வானத்தில் சுற்றும் ஒரு தொலைநோக்கி, ஒரு துண்டு வானத்தை இருபத்தேழு நாள் இமைக்காமல் பார்க்கும். பிறகு அடுத்த துண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் அளக்கும். அந்த அளவுகளைச் சேர்த்தால் நட்சத்திரத்துக்கு ஒரு கோடு. ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழும். லட்சக்கணக்கான கோடுகள். அவற்றில் அழுக்கு நிறைய. அந்த அழுக்கை வெட்டி எறியும் புரோகிராம் எழுதுவதுதான் இலக்கியாவின் வேலை.

சுத்தம் செய்த கோடுகளை வேறொரு புரோகிராம் தேடும். ஒரே மாதிரி மூன்று பள்ளம் இருந்தால்தான் அது நின்று குறித்துக்கொள்ளும். அது தவறவிட்டதைப் பிடிக்க, வெட்டாத கோடுகளை அப்படியே இணையத்தில் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளம் தெரிந்தால் விரலால் கட்டம் போட வேண்டும். பொங்கலுக்கு வந்த இலக்கியா, அப்பா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அவர் போனில் அதைத் திறந்து கொடுத்தாள். பொழுது போகட்டும் என்று.

செல்லமுத்து முதல் கோட்டைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஐந்தாவதில் எழுந்து நின்றுவிட்டார்.

"சிவசாமி, இங்க வா. இது எக்கோ மச்சான்" என்றார்.

அன்றிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. காலையில் கஞ்சி குடித்த கையோடு ஐஸ் கம்பெனிக்கு ஓடினார். ஆங்கிலம் தெரியாது, தேவைப்படவும் இல்லை. பள்ளம் உண்டு என்றால் கட்டம். இல்லை என்றால் வலது மூலையில் பச்சைப் பொத்தான். ஒரு நாளைக்கு இருநூறு கோடு, முந்நூறு கோடு. சில கோடுகள் அலை அடிக்கும். சில குதிக்கும். சில செத்த கடல் மாதிரி கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பெயர் வைத்தார். சிவசாமிக்கு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருந்தது. பங்குனி பிறப்பதற்குள் பதினோராயிரம் கோடுகள் பார்த்திருந்தார். ஆனால் போட்ட கட்டம் சரியா, தப்பா என்று அந்த இணையப் பக்கம் சொல்லாது. அது ஒன்றுதான் அவரை அரித்தது.

பங்குனியில் ஒரு புதன்கிழமை அந்தக் கோடு வந்தது. நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது, நீளமான எண். கடைசி நாலு இலக்கம் 4417. எட்டாம் நாளில் ஒரு பள்ளம். சுவர் சரிவாக இறங்கி, அடி தட்டையாக ஓடி, அதே சரிவில் ஏறியது. அவர் கட்டம் போட்டுவிட்டு விரலால் கோட்டைத் தள்ளிக்கொண்டே போனார். இருபத்தைந்தாம் நாளில் கோடு கன்னாபின்னாவென்று மேலே ஏறி ஆடியது. அந்த ஆட்டத்துக்குள் இன்னொரு பள்ளம் இருந்தது. அதே சுவர். அதே அடி. அதே அகலம்.

அவர் இரண்டாவது கட்டத்தையும் போட்டார். ஐஸ் கம்பெனிச் சுவரில் சாக்கட்டியால் 4417 என்று பெரிதாக எழுதினார். எழுதிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

இலக்கியா அப்போது ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முதல் பள்ளம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். இரண்டாவது அவள் கோப்பில் இல்லை. கோட்டின் கடைசி மூன்று நாளும் பூமியின் வெளிச்சம் தொலைநோக்கிக்குள் தெறித்த நாட்கள். அவளுடைய புரோகிராம் அதை அடியோடு வெட்டியிருந்தது. அங்கே தெரிவதெல்லாம் நம்பக் கூடாதது என்றாள்.

"கலங்கல்ல நான் எக்கோ ஓட்டுனதே இல்லயா?" என்றார் செல்லமுத்து. "பதினெட்டாம் நாளு அதே பள்ளம் ஆத்தா. பதினெட்டுக்குப் பதினெட்டு பாரு. வரும்."

அவள் பார்த்தாள். இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்தில் அந்த நட்சத்திரம் இருந்ததால், அடுத்த இருபத்தேழு நாளுக்கும் அதன் கோடு அவளிடம் வந்திருந்தது. எட்டுடன் பதினெட்டைக் கூட்டினால் இருபத்தாறு. அது வெட்டப்பட்ட பகுதி. இன்னும் ஒரு பதினெட்டு கூட்டினால் நாற்பத்து நாலு. நாற்பத்து நாலாம் நாளை மட்டும் நறுக்கி எடுத்துப் பார்த்தாள். பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. முழுக் கோட்டையும் திறந்திருந்தால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவள் திறக்கவில்லை.

மாலையில் போன் செய்து, இல்லப்பா என்றாள். அங்கே ஒன்றும் இல்லை. இதெல்லாம் சகஜம், எங்களுக்கே கண் ஏமாற்றும் என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

சரி ஆத்தா என்று சொல்லி செல்லமுத்து போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு அதை எடுத்துக் கோடு பார்க்கவில்லை. ஐஸ் கம்பெனிக்கு வருவார், உட்காருவார், போவார். சுவரில் 4417 அப்படியே இருந்தது. அழிக்கப் போன சிவசாமியைத் தடுக்கவும் இல்லை, அழிக்கச் சொல்லவும் இல்லை. சிவசாமியே துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"மொதலாளி சொன்னது சரிதான் போல" என்று ஒரு நாள் செல்லமுத்து சொன்னார். சிவசாமிக்கு அதைக் கேட்டு ஆத்திரம் வந்தது. முத்துராமனை நாலு வார்த்தை திட்டினார். 

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போக முடியாது. ஐஸ் கம்பெனியில் மெஷினை நிறுத்தினார்கள். ஆண்கள் எல்லாம் கரையில் இருப்பதால் அம்மன் கோயில் திருவிழா வழக்கமாக அப்போதுதான் நடக்கும். மே நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினார்கள். எட்டாம் நாள் பால்குடம். புருஷன் பிழைத்து வந்ததற்காகப் பொன்னுத்தாய் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள். மகளுக்கும் ஒரு குடம் சொல்லி வைத்தாள். காப்புக் கட்டியாச்சு, எட்டாம் நாள் பால்குடம், வந்து சேர் என்று போனில் சொன்னாள். இலக்கியா லீவு போட்டு டிக்கெட் எடுத்தாள்.

திங்கள்கிழமை காலை எட்டரை மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினாள். மஞ்சள் சேலை, கையில் பை. கோயில் வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களை இரண்டு பேர் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிவசாமி பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"வாங்க மருமகளே" என்றார். "அடுத்த வருசப் பால்குடத்துக்கு மொத ஆளா வந்துட்டீங்க."

 வீட்டில் பொன்னுத்தாய் காபியை டக்கென்று வைத்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். மகளுக்காகச் சொல்லி வைத்த குடத்தைக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாளாம். ஊரே கேட்டதாம்.

"எட்டாம் நாளுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஞாயித்துக்கெழம காப்பு. எட்டாம் நாளு எப்படிடி திங்கக்கெழம ஆவும்?"

இலக்கியா போனைக் காட்டினாள். நாலாம் தேதி காப்பு. நாலும் எட்டும் பன்னிரண்டு. பன்னிரண்டு இன்றைக்குத்தான். பொன்னுத்தாய் போனைத் தள்ளிவிட்டு விரலை மடக்கினாள். ஞாயிறு ஒண்ணு. திங்கள் ரெண்டு. செவ்வாய் மூணு. ஞாயிறு வந்ததும் எட்டாவது விரலை மகள் மூக்குக்கு நேரே நீட்டினாள். காப்புக் கட்டிய நாளை விட்டுவிட்டு எண்ணுகிற கணக்கைப் பெங்களூரில்தான் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார். எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"ஆத்தா, அந்த நாலு நாலு ஒண்ணு ஏழுக்கு நான் பதினெட்டாம் நாளுன்னேன்."

"ஆமாப்பா."

"மொதப் பள்ளம் விழுந்த நாள நீ எண்ணுனியா?"

இலக்கியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.  பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்தாள். எட்டும் பதினேழும் இருபத்தைந்து. அதற்கு மேல் ஒரு பதினேழு, நாற்பத்திரண்டு. அவள் நாற்பத்து நாலைத்தான் பார்த்திருந்தாள். வீட்டில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போயிற்று. ஐஸ் கம்பெனியில் பிராட்பேண்ட் இருந்தது. இருவரும் வாசலில் இறங்கினார்கள். ஓடாதீங்க, டாக்டர் சொன்னாரு என்று பின்னாலிருந்து பொன்னுத்தாய் கத்தினாள். செல்லமுத்து ஓடவில்லை. ஆனால் இலக்கியாவால் அவருக்கு ஈடு கொடுத்து நடக்க முடியவில்லை.

பந்தல் கயிற்றைப் போட்டுவிட்டு சிவசாமியும் சாவியோடு பின்னால் வந்தார். கோப்பு இறங்க நாலு நிமிடம் ஆனது. அந்த நாலு நிமிடமும் மூன்று பேரும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இலக்கியா நாற்பத்திரண்டாம் நாளை நறுக்கி விரித்தாள்.

பள்ளம் இருந்தது.

சரிந்த சுவர், தட்டையான அடி, சரிந்த சுவர். சுத்தமான கோட்டில், ஆட்டம் இல்லாமல், யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

"அப்பா" என்றாள் இலக்கியா. 

செல்லமுத்து திரையில் விரல் வைத்து அகலத்தை அளந்தார். முதல் பள்ளத்தைக் காட்டச் சொன்னார். அதையும் அளந்தார். ஒன்றுதான் என்றார். சிவசாமி என்ன ஏது என்று முழுதாகப் புரியாமலேயே சுவரில் இருந்த 4417-ஐச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார்.

ஆனால் வேலை முடியவில்லை. இலக்கியா அங்கிருந்தே பெங்களூருக்குப் பேசினாள். குழுத் தலைவிக்கு இரண்டு கோட்டையும் அனுப்பினாள். அந்த அம்மாள் பத்து நிமிடத்தில் திருப்பிக் கூப்பிட்டார். நல்ல பள்ளம் என்றார். ஆனால் நல்ல பள்ளம் இரண்டுதான்: எட்டாம் நாளும் நாற்பத்திரண்டாம் நாளும். இடைவெளி முப்பத்து நாலு நாள். நடுவில் இருபத்தைந்தாம் நாளில் உன் அப்பா பார்த்தது குப்பைக்குள் இருக்கிறது. அது உண்மை என்றால் கோள் பதினேழு நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. பொய் என்றால் முப்பத்து நாலு.

இதைச் சோதிக்க ஒரே வழிதான் இருந்தது. பதினேழு சரியானால் மட்டும் பள்ளம் விழக்கூடிய ஒரு நாளில் தரையிலிருந்து ஒரு பெரிய தொலைநோக்கியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு நாள் ஜூன் ஐந்து, வியாழக்கிழமை வந்தது. முப்பத்து நாலு என்றால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. சிலி நாட்டில் ஒரு மலைமேல் இருந்த தொலைநோக்கியில் ஆறு மணி நேரம் கிடைத்தது. மறுமுறை கேட்டால் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இலக்கியா இதை அப்பாவுக்குச் சொன்னபோது, உங்களுடைய கோள் இருப்பது உறுதி, அதை யாரும் எடுக்க முடியாது, இது வெறும் கால அளவுதான் என்று சேர்த்துச் சொன்னாள்.

"மத்த ரெண்டு பள்ளத்த யாரு வேணும்னாலும் பாத்திருப்பாங்க" என்றார் செல்லமுத்து. "கலங்கல்ல கெடக்கறத நான் பாத்தேனா இல்லயா? அதத்தான் கேக்குறேன்."

ஐஸ் கம்பெனிக் காலண்டரில் ஜூன் ஐந்தைச் சுற்றி அவரே வட்டம் போட்டார். அன்று மாலையே போனை எடுத்து மறுபடி கோடு பார்க்க ஆரம்பித்தார்.

தடைக்காலம் என்பதால் ஊர் முழுக்கச் சும்மா இருந்தது. செய்தி பரவ அரை நாள் போதும். வலை பின்னுகிற இடத்தில், டீக்கடையில், படகுக்கு வர்ணம் அடிக்கிற இடத்தில் எல்லாம் பதினேழா முப்பத்து நாலா என்று பேசிக்கொண்டார்கள். நிறையப் பேர் பதினேழு பக்கம். கோள் என்றால் என்ன என்று கேட்காமலேயே செல்லமுத்து பக்கம். சிலர் வேண்டுமென்றே முப்பத்து நாலு என்று சொல்லி சிவசாமியைச் சீண்டினார்கள். சீண்டினால் அவருக்கு மூக்குச் சிவக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இம்முறை இலக்கியா ஒரு நாள் முன்னதாகவே வந்தாள். பொன்னுத்தாய் அவள் எதிரில் விரல் விட்டு எண்ணிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

ஜூன் ஐந்து. சிலியில் முன்னிரவு என்றால் இங்கே காலை. எட்டு மணிக்கெல்லாம் ஐஸ் கம்பெனி அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். மெஷின் ஓடாததால் கட்டடம் அமைதியாக இருந்தது. கடல் சத்தம் உள்ளே வரை கேட்டது. கவிழ்த்துப் போட்ட ஐஸ் கேன்களில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஜன்னலில் இன்னும் சிலர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி திரையில் விழுந்தது. புள்ளிகள் ஒரே மட்டத்தில் வரிசையாக நின்றன.

பள்ளம் ஒன்பது இருபதுக்குத் தொடங்க வேண்டும் என்பது இலக்கியாவின் கணக்கு. இருபது நிமிடம் முன்பின் ஆகலாம். ஒன்பது இருபது வந்தது. புள்ளிகள் தட்டையாகவே போயின. ஒன்பது நாற்பது. தட்டை. குழுத் தலைவியிடமிருந்து செய்தி வந்தது. அதில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. இலக்கியா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலில் யாரோ முப்பத்து நாலு என்று மெல்லச் சொன்னார்கள். சிவசாமி திரும்பி முறைத்தார். பொன்னுத்தாய் இட்லி கொண்டுவந்தாள். யாரும் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் முத்துராமன் வந்தார். படகு மராமத்துக்காகப் பக்கத்தில் வந்தவர், கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தார். ஆட்கள் வழிவிட்டார்கள். அவர் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றார். செல்லமுத்து அவரைப் பார்த்தார். பிறகு திரைக்கே திரும்பினார். முதுகு மட்டும் கொஞ்சம் நேரானது.

ஒன்பது ஐம்பத்தாறு. ஒரு புள்ளி விழுந்தது.

"எறங்குது" என்றார் செல்லமுத்து.

இலக்கியா மற்ற புள்ளிகளோடு ஒப்பிட்டாள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. காற்று ஆடினாலே இவ்வளவு ஆடும் என்றாள். பத்துப் புள்ளியாவது வரட்டும் என்றாள்.

"வரட்டும். நீ எண்ணு. எறங்குது."

அடுத்த புள்ளி மட்டத்துக்கு மேலே விழுந்தது. ஜன்னலில் ஒரு பெருமூச்சு. அடுத்தது கீழே. அதற்கடுத்தது இன்னும் கீழே. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. இலக்கியாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பத்தாவது புள்ளி விழுந்தபோது சரிவு அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. பத்தரைக்குச் சுவர் முடிந்து அடி தட்டையாக ஓடத் தொடங்கியது. பங்குனிப் புதன்கிழமை அவர் பார்த்த அதே அடி.

அப்புறம் யார் என்ன பேசினார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. சிவசாமி ஐஸ் கேனைத் தட்டித் தாளம் போட்டார். முப்பத்து நாலு சொன்னவரைத் தேடினார்கள்; அவர் தான் பதினேழுதான் சொன்னதாகச் சத்தியம் செய்தார். இட்லி ஐந்து நிமிடத்தில் காலியானது. போன் விடாமல் அடித்தது. குழுத் தலைவி பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது. செல்லமுத்துவிடம் கொடுக்கச் சொல்லி, ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். செல்லமுத்து, ஆமாங்க, ஆமாங்க என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கிரகத்தில் கடல் இருக்குமா என்று சிவசாமி கேட்டார். இலக்கியா சொன்னாள்: பூமியைப் போல நாலு மடங்கு அகலம். கொதிக்கிற சூடு. பெரும்பாலும் வாயு, நிற்கத் தரையே இல்லாமல் இருக்கலாம். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி முந்நூற்று நாற்பது வருடம் ஆகிறது.

"தரையே இல்லாத ஊருக்கு எங்க மச்சான் எக்கோ போட்டுட்டாரு" என்றார் சிவசாமி.

செல்லமுத்து சிரித்தார். ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. பிறகு எழுந்து கதவுப் பக்கம் போனார். முத்துராமன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"மொதலாளி, அன்னைக்கு எனக்குக் கை வலி. தோள்லருந்து இங்கிட்டு வரைக்கும்" என்றார், முழங்கையைத் தொட்டுக் காட்டி. "சொல்லியிருக்கணும். சொல்லல."

முத்துராமன் அவர் கையையே பார்த்தார். "நானும் கேட்டிருக்கணும் செல்லமுத்து" என்றார். பிறகு திரையைக் காட்டினார். "அடுத்தது எப்ப?"

"பதினெட்டாம் நாளு" என்றார் செல்லமுத்து. அதே நேரத்தில் இலக்கியா, பதினேழு நாள் கழித்து என்றாள். கேட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தாய் இரண்டும் ஒன்றுதான் என்று முத்துராமனுக்கு விரல் மடக்கி விளக்கப் போனாள்.

மதியம் ஒன்றரைக்குக் கோடு ஏறிப் பழைய மட்டத்துக்கு வந்தது. அது வரை செல்லமுத்து நகரவில்லை. பள்ளத்தின் மறு சுவரையும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

இலக்கியா பெங்களூர் திரும்பியதும் தன் புரோகிராமைத் திறந்தாள். ஆடுகிற நாட்களை வெட்டி எறியும் வரியை எடுத்துவிட்டு, அவற்றை ஒரு குறியோடு அப்படியே வைத்திருக்கும்படி மாற்றினாள். அந்த மாதமே அப்படி வைத்த பகுதிகளில் இன்னும் நாலு பள்ளங்கள் கிடைத்தன. அப்பாவிடம் சொன்னாள். நாலுதானா என்று கேட்டார்.

கோளைப் பற்றிய அறிக்கையில் கண்டவர் பெயர் செல்லமுத்து என்றும், ஊர் ஜெகதாப்பட்டினம் என்றும் வந்தது. தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. டிரைவர் என்று போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு எட்டு முறை அந்தக் கோள் கடந்தது. எட்டு நாளும் காலண்டரில் அவர் முன்கூட்டியே வட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் மகளைக் கூப்பிட்டு, இன்னைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார். எட்டாவது, அக்டோபர் பத்தொன்பது. ஒன்பதாவதுக்கு முன், ஐப்பசி மழையில் ஒரு பகலில், ஐஸ் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோனார். கையில் போன் இருந்தது. பாதி தள்ளிய கோடு ஒன்று அதில் நின்றிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சிவசாமி அந்தக் காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்து இலக்கியாவிடம் கொடுத்தார். டிசம்பர் கடைசி வரை வட்டம் போட்டிருந்தது. அவள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாளையும் சேர்த்து, விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினாள். ஒவ்வொரு வட்டமும் பதினெட்டாம் நாளில் இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.